உயிர்ச்சேதம் இல்லையாம்!

2022-ஆம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி காலையில் பெங்களூர் விமான நிலையத்திலிருந்து இரண்டு விமானங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கிளம்பின. ஒன்று கல்கத்தாவுக்கு, மற்றொன்று புவனேசுவரத்துக்கு. இணையாக ஓடும் இரண்டு ஓடுபாதைகளிலிருந்து எழும்பிய அவ்விரண்டும் சற்று நேரத்துக்குள் ஆகாயத்தில் ஒன்றையொன்று நெருங்கலாயின. ராடாரைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அதிகாரி அதைக் கவனித்து, இரு விமானிகளையும் வேறு வேறு திசைகளில் திரும்பும்படி உத்தரவிட்டார். அவர்கள் திரும்பினார்கள். இரண்டிலுமாக இருந்த 400-க்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர்.

இது எப்படி நேர்ந்தது என்று பிறகு விசாரித்தபோது தெரியவந்த விவரம் மிகச் சாதாரணமானது. அன்று காலை வடக்குப் பாதையைப் புறப்படுவதற்கும், தெற்குப் பாதையை இறங்குவதற்கும் உபயோகித்து வந்தார்கள். நடுவில், பொறுப்பிலிருந்த மேல் அதிகாரி தெற்குப் பாதையை நிறுத்திவிட்டு, வடக்குப் பாதையொன்றையே இரண்டு காரியங்களுக்கும் வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தார். தீர்மானத்தில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அது தெற்குப் பாதையைக் கவனித்துவந்த அதிகாரிக்குச் சொல்லப்படவில்லை! அவர் ஒரு விமானத்தைப் புறப்படச் சொன்னார். வடக்கே இருந்தவர் மற்றொன்றைப் புறப்படச் சொன்னார்.

இதைவிட விசேஷமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. இச்சம்பவம் நிலையத்தின் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. பத்து நாட்களுக்கு மேல் கழிந்து பத்திரிகைகளில் வெளியான பிறகே பொதுஜனங்கள் இதை அறிந்தார்கள்.

இம்மாதிரிச் செய்திகள் வரும்போதெல்லாம் கூடவே ஒரு வாக்கியமும் தவறாமல் வந்துவிடுகிறது. 'உயிர்ச்சேதம் எதுவும் இல்லை' என்பதே அது. அதைப் படித்தவுடன் வாசகர் பெருமூச்சுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். பத்திரிகைக்காரர்களாகிய நாமும் குற்றமற்றவர்களல்ல. உயிர்ச்சேதம் இருந்தால் முதற்பக்கம், இல்லாவிட்டால் ஏழாம் பக்கத்தின் அடியில் நாலு வரி என்பதுதான் நமது தொழிலில் எழுதாத சட்டமாக இருந்து வருகிறது. இந்தச் சட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கருதுவதால்தான் இன்று இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுத முன்வந்திருக்கிறோம்.

விமானங்களுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி என்றால் என்ன? ரயில் பாதையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழைய ஏற்பாட்டின்படி, இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவிலுள்ள பாதையில் ஒரே சமயத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதிக்கும் வரையில் இந்த ஸ்டேஷனில் கைகாட்டி இறங்காது. ஆகாயத்தில் தண்டவாளமும் இல்லை, கைகாட்டியும் இல்லை. ஆகவே ஒவ்வொரு விமானத்தையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை வைத்து, அதற்குள் வேறு விமானம் நுழையலாகாது என்று விதி செய்திருக்கிறார்கள். மேலும் கீழுமாக 1,000 அடி. விமான நிலையத்தின் அருகே ராடார் மேற்பார்வையில் பக்கவாட்டில் சாதாரணமாக 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோ மீட்டர். தூரத்து வழிகளில் 5 கடல் மைல். உயரத்தில் ஆயிரம் அடி இருந்தால் பக்கத்து இடைவெளி குறையலாம். பக்கத்து இடைவெளி இருந்தால் உயரம் ஒன்றாக இருக்கலாம். இரண்டும் ஒரே சமயத்தில் குறைந்துவிட்டால் அதைத்தான் இடைவெளி இழப்பு என்கிறார்கள்.

விமானங்கள் இறங்கும்போது வேறொரு கவலையும் உண்டு. பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் சுழற்காற்று, அது போன பிறகும் நிமிஷக் கணக்கில் வழியிலே நிற்கும். பின்னால் வரும் சிறிய விமானம் அதில் அகப்பட்டால் புரண்டுவிடக் கூடும். ஆகவே பெரிய விமானத்தின் பின்னே நடுத்தர விமானம் 5 கடல் மைலும், சிறிய விமானம் 6 கடல் மைலும் விட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு.

வழியில் பறக்கும்போது வானம் விசாலமானது. நிலையத்தை நெருங்க நெருங்க அது புனலின் வாயைப் போலக் குறுகிவிடுகிறது. நாலு திசைகளிலிருந்தும் வந்தவையெல்லாம் ஒரே பாதையின் முனையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டும். அதே பாதையிலிருந்து புறப்பட்டவை அவற்றின் ஊடே மேலே ஏற வேண்டும். வருவது இறங்குகிறது, போவது ஏறுகிறது. அவற்றின் நடுவே உள்ள ஆயிரம் அடியைக் காப்பாற்றுவது ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் வாய்ச்சொல்லும், விமானியின் காதும், உயரமானியின் முள்ளுமே.

அந்த ஆயிரம் அடி போனால் என்ன ஆகும் என்பதை உலகத்திலேயே மிகக் கொடிய விதத்தில் அறிந்துகொண்ட நாடு நம்முடையது. 1996-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி மாலையை வட நாட்டார் இன்னும் மறக்கவில்லை.

அன்று மாலை 6 மணி 32 நிமிஷத்துக்குத் தில்லியிலிருந்து சவூதி அரேபிய விமானக் கம்பெனியின் போயிங் 747 ஒன்று தஹரானை நோக்கிக் கிளம்பியது. அதில் 312 பேர் இருந்தனர். பெரும்பாலோர் இந்தியர், அரபு நாட்டில் கூலி வேலை தேடிச் சென்றவர்கள் பலர். அதே சமயத்தில் கஜக்ஸ்தானத்தின் சிம்கென்ட் நகரிலிருந்து இல்யூஷின் 76 என்னும் விமானம் தில்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. அதில் 37 பேர். சாமான் வாங்கிச் சென்று விற்கும் சிறு வியாபாரிகளும் அவர்களில் இருந்தனர். இரண்டு விமானங்களும் ஒரே வழியில் எதிரெதிராக வந்தன. ஏனென்றால் அன்று தில்லியைச் சுற்றியிருந்த ஆகாயத்தில் பெரும்பகுதியை விமானப்படை தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தது. வருவதற்கும் போவதற்கும் சிவில் விமானங்களுக்கு ஒரே ஒரு வழிதான் விடப்பட்டிருந்தது.

கட்டுப்பாட்டு அதிகாரி விதிப்படியே நடந்துகொண்டார். சவூதி விமானத்தை 14,000 அடிக்கு ஏறி அங்கேயே நிற்கச் சொன்னார். கஜக் விமானத்தை 15,000 அடிக்கு இறங்கி நிற்கச் சொன்னார். கஜக் விமானம் தில்லிக்குச் சுமார் 46 மைலில், தான் 15,000 அடியை அடைந்துவிட்டதாகத் தெரிவித்தது. எதிரே சவூதி விமானம் வருகிறது, கண்ணுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று அதிகாரி எச்சரித்தார். எவ்வளவு தூரம் என்று கஜக் விமானம் கேட்டது. 14 மைல் என்று பதில் வந்தது. எதிரெதிரே விரையும் இரண்டு பெரிய விமானங்களுக்கு 14 மைல் என்பது ஒன்றரை நிமிஷங்கூட இல்லை.

உண்மையில் கஜக் விமானம் 15,000 அடியில் இல்லை. அந்த உயரத்தைத் தாண்டி மேலும் இறங்கிக்கொண்டேயிருந்தது. விமானத்துக்கும் தரைக்கும் பேச்சு நடத்தியவர் ரேடியோ இயக்குபவர். அவருடைய ஆசனத்துக்கு முன்னால் உயரமானி கிடையாது! விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் அவர் உயரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உத்தரவைக் காதில் வாங்கியவர் ஒருவர்; விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். அந்தச் சிப்பந்திகளுக்கு இங்கிலீஷ் ஞானமும் போதவில்லை. கடைசிக் கணத்தில் ரேடியோ இயக்குபவர் தாங்கள் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை என்பதைக் கண்டு, மேலே ஏறும்படி கூவினார். தலைமை விமானி யந்திரங்களின் வேகத்தைக் கூட்டினார். விமானம் சற்று மேலே எழும்பிற்று. விதியின் கொடுமையை என்னென்பது! எழும்பாமல் இன்னும் சற்று இறங்கியிருந்தால் அது சவூதி விமானத்தின் கீழாகப் போயிருக்கக் கூடும். எழும்பிய காரணத்தால் அதன் வால் போயிங் விமானத்தின் இடது இறக்கையில் இடித்தது.

அந்த வழியாக வந்துகொண்டிருந்த அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானம் ஒன்று மேகத்துக்குள் பெரிய வெளிச்சம் ஒன்றைக் கண்டதாகத் தெரிவித்தது. தில்லி ராடாரின் திரையிலிருந்து இரண்டு புள்ளிகளும் மறைந்தன. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு அருகில் வயல்களில் மைல் கணக்கில் உடல்களும் உலோகத் துண்டுகளும் சிதறிக் கிடந்தன. 349 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பறந்துகொண்டிருந்த விமானங்கள் ஆகாயத்தில் மோதி இத்தனை பேர் மாண்டது அதற்கு முன்னும் கிடையாது. அதற்குப் பின்னும் கிடையாது.

தில்லி ஹைகோர்ட் நீதிபதி லகோத்தியின் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. கறுப்புப் பெட்டிகளை மாஸ்கோவிலும் இங்கிலாந்திலுள்ள பார்ன்பரோவிலும் பிரித்துப் படித்தார்கள். கஜக் விமானத்தின் சிப்பந்திகள் உத்தரவை மீறி இறங்கியதே காரணம் என்று கமிஷன் முடிவு செய்தது. மேகத்தின் கொந்தளிப்பே விமானத்தைக் கீழே தள்ளியது என்று கஜக் தரப்பில் வாதித்தார்கள், அது ஏற்கப்படவில்லை. கமிஷனின் முடிவு நியாயமானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் குற்றம் யாருடையது என்று கேட்டு முடித்தவுடன் விஷயம் முடிந்துவிடுகிறதா? வேறொரு கேள்வி பாக்கியிருக்கிறது. அந்த விமானம் 15,000 அடியில் இல்லை என்பது தில்லியில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு ஏன் தெரியவில்லை? காரணம் எளியது. அவருடைய ராடாருக்கு உயரத்தைக் காட்டும் சக்தி கிடையாது. அது பழைய முறை ராடார். எங்கோ ஒரு பொருள் பறக்கிறது என்று புள்ளி வைக்கும், அவ்வளவுதான். விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவியைக் கேட்டு, இது இன்ன விமானம், இன்ன உயரத்தில் இருக்கிறது என்று எழுதிக் காட்டும் இரண்டாம் முறை ராடார்கள் வெளிநாடுகளில் வெகுகாலமாக வழக்கத்தில் இருந்தன. தில்லியில் அது அன்று வேலைக்கு வரவில்லை. நாட்டின் தலைநகரில், அத்தனை ராஜாங்கங்களின் விமானங்களும் வந்து போகும் இடத்தில், உயரத்தை அறிய விமானியின் வார்த்தையைத் தவிர அதிகாரிக்கு வேறு சாதனம் இல்லை!

மற்றொரு சாதனமும் உலகத்தில் இருந்தது. விமானத்திலேயே பொருத்தப்பட்டு, எதிரே வரும் விமானத்தின் கருவியோடு பேசி, மோதல் நேரும் என்று கண்டால் ஒருவரை ஏறு என்றும் மற்றவரை இறங்கு என்றும் கத்தும் யந்திரம் அது. அதையும் ரத்தம் சிந்தித்தான் அமெரிக்கர்கள் பெற்றார்கள். 1986 ஆகஸ்ட் 31-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்க வந்த மெக்ஸிகோ விமானம் ஒன்றும், அனுமதியின்றி உள்ளே நுழைந்துவிட்ட சிறு விமானம் ஒன்றும் செரிட்டோஸ் என்னும் ஊரின் மேலே மோதின. வீடுகளில் இருந்தவர்கள் 15 பேர் உள்படச் செத்தவர்கள் 82 பேர். மறு வருஷமே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்தது. 1993 இறுதிக்குள் பெரிய பிரயாணி விமானங்கள் எல்லாவற்றிலும் அக்கருவி வந்துவிட்டது. நமது ஆகாயத்தில் 1996-ல் அது கட்டாயமாக்கப்படவில்லை.

விபத்துக்குப் பிறகு என்ன நடந்தது? வருவதற்கும் போவதற்கும் தனித்தனி வழிகள் ஏற்பட்டன. விமானப்படை தன் ஆகாயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. புது ராடார் வேலை செய்யத் தொடங்கியது. இந்தியாவுக்கு வந்துபோகும் விமானங்களில் மோதல் தடுக்கும் கருவி இருக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. எல்லாம் நல்ல காரியங்கள். இவற்றில் எதாவது ஒன்று 1996 நவம்பருக்குப் பிறகு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதா? இல்லை. ஒரே வழியில் எதிரெதிராக விமானங்களை விடுவது அபாயம் என்பதை அறிவதற்கு 349 பேர் சாக வேண்டியிருந்ததா?

மோதலுக்கு முந்திய தினம் வரையில் அந்த ஒற்றை வழியில் விமானங்கள் தினமும் ஆயிரம் அடி இடைவெளியில் எதிரெதிராகக் கடந்து சென்றுகொண்டுதான் இருந்தன. அப்போதெல்லாம் 'உயிர்ச்சேதம் இல்லை'. ஆகையால் அவசரமும் இல்லை.

கருவி வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு 2002 ஜூலை 1-ந் தேதி இரவு ஜெர்மனியின் தெற்கே உபர்லிங்கன் என்னும் ஊரின் மேலே நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு விமானங்களிலும் மோதல் தடுக்கும் கருவி இருந்தது. நன்றாக வேலையும் செய்தது. அந்த ஆகாயத்தைக் கவனித்தவர் ஸ்விட்ஜர்லாந்தில், ஜூரிக் நகரத்தில் இருந்த ஓர் அதிகாரி. அன்றிரவு அவர் தனியாள். உடன் வேலை செய்தவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார். நிர்வாகம் அவ்வழக்கத்தைத் தெரிந்தும் தெரியாததுபோல் விட்டிருந்தது. மோதலை முன்கூட்டிக் காட்டும் ஏற்பாடு ஒன்று பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. டெலிபோனும் சரியாக இல்லை. பக்கத்து ஊரில் இறங்கத் தாமதமாக வந்த ஒரு விமானத்துக்கு வழி செய்வதில் அவருடைய கவனம் முழுதும் போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது 36,000 அடியில் இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் நெருங்கிக்கொண்டிருந்தன. ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதே சமயத்தில் அவ்விமானத்தின் கருவி ஏறச் சொன்னது. மற்ற விமானத்தை அதன் கருவி இறங்கச் சொன்னது. ரஷ்ய விமானி மனிதரின் வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தார். இரண்டும் ஒன்றாக இறங்கி மோதின. 71 பேர் மாண்டனர். பெரும்பாலோர் விடுமுறைக்குக் கிளம்பிய குழந்தைகள்.

கருவி ஒன்று சொல்ல, மனிதர் வேறு சொன்னால், கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்ற விதியை உலகத்தார் அதன் பிறகுதான் ஐயத்துக்கிடமில்லாமல் எழுதினார்கள். இதிலும் ஒரு கொடுமை உண்டு. அதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பே, 2001 ஜனவரியில், ஜப்பானில் ஒரே கம்பெனியின் இரண்டு பெரிய விமானங்கள் இதே குழப்பத்தால் நூறு மீட்டர் சொச்சத்தில் ஒன்றையொன்று கடந்து தப்பின. அதிகாரி சொன்னது ஒன்று. கருவி சொன்னது மற்றொன்று. பலருக்குக் காயம் ஏற்பட்டது, உயிர்ச்சேதம் இல்லை! அதை உலகம் உடனே பாடமாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள்.

ஜூரிக்கில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த அதிகாரியை, மனைவி மக்களைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் 2004-ல் அவர் வீட்டு வாசலில் குத்திக் கொன்றான். 2007-ல் ஸ்விஸ் நீதிமன்றம் அந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்த நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் மூவர் நிர்வாகிகள். இரவில் ஒரே ஆளை உட்காரவைத்துக் கருவிகளையும் நிறுத்திய பொறுப்பு யாருடையது என்பதை நீதிமன்றம் கண்டுகொண்டது. ஆனால் செத்தவர் கீழே இருந்தவர்.

பணத்துக்கும் கருவிகளுக்கும் குறைவில்லாத அமெரிக்காவின் தலைநகரத்தில் 2025 ஜனவரி 29-ந் தேதி இரவு நடந்தது நமக்கு இன்னும் புதிய பாடம். வாஷிங்டனில் பொட்டோமாக் நதியின் ஓரத்தில் இறங்க வந்த பிரயாணி விமானம் ஒன்றும் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றும் சுமார் 300 அடி உயரத்தில் மோதி 67 பேர் நதியில் விழுந்து மாண்டனர். அந்த நதியோரத்தில் ஹெலிகாப்டர்களுக்கு வகுத்திருந்த வழியின் உச்ச உயரம் 200 அடி. அதற்கும் அந்த ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்தின் வழிக்கும் நடுவே சில இடங்களில் 75 அடிதான் மிச்சம். எழுபத்தைந்து அடி! சென்னைத் தெருவொன்றில் ஏழு மாடி வீட்டின் உயரம். அன்றிரவு கோபுரத்தில் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் ஒரே ஆள் சேர்த்துக் கவனித்தார்.

அமெரிக்க விசாரணைச் சபையார் பழைய கணக்குகளைப் புரட்டினார்கள். 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரையில் அந்த ஒரு நிலையத்தில் மட்டும், பிரயாணி விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் 1 கடல் மைலுக்கும் உயரத்தில் 400 அடிக்கும் உட்பட்டு நெருங்கியது 15,214 தடவை. அதிலும் பக்கவாட்டில் 1,500 அடிக்கும் உயரத்தில் 200 அடிக்கும் உட்பட்டு நெருங்கியது 85 தடவை. இந்தக் கணக்கு விபத்துக்குப் பிறகு எங்கிருந்தோ வந்து குதித்ததல்ல. சர்க்காரின் இயந்திரங்களிலேயே இருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 67 பேர் இறந்த பிறகு ஹெலிகாப்டர் வழியை மூடினார்கள்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1996-ல் இருந்த நிலைமை இன்றில்லை. ராடார் உண்டு, விமானங்களில் கருவி உண்டு, இரு விமானங்கள் நெருங்கினால் அதிகாரியின் திரையிலேயே எச்சரிக்கை தோன்றுவதும் உண்டு. இதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் வானத்தில் கூட்டமும் பெருகிவிட்டது. மும்பையில் இரண்டாவது நிலையம் 2025 டிசம்பரில் விமானங்களை ஏற்கத் தொடங்கிவிட்டது. பழைய நிலையத்துக்கும் புதிய நிலையத்துக்கும் ஒரே ஆகாயத்தைப் பங்கிட வேண்டும். நமது சென்னை மீனம்பாக்கத்திலோ இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. பக்கத்தில் தாம்பரத்தில் விமானப்படையின் நிலையம் இருக்கிறது. ஆகாயத்தில் 60 சதவிகிதந்தான் தடையில்லாமல் கிடைக்கிறது என்று 2020 மே மாதத்தில் நிதி மந்திரியே சொன்னார். தடைகளைத் தளர்த்தினால் வருஷத்துக்கு 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்பது அப்போது கூறப்பட்ட காரணம். எண்ணெய்ச் செலவு மிச்சமாவது சந்தோஷமே. ஆனால் சர்க்கி தாத்ரியின் ஒற்றை வழியை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று தெரியும்.

ராடாரும் கருவியும் பணம் கொடுத்தால் வந்துவிடும். ஆட்களை அப்படி வாங்க முடியாது. ஒரு கட்டுப்பாட்டு அதிகாரியைத் தயார் செய்யச் சில வருஷங்கள் பிடிக்கின்றன. ஒரு நிலையத்தில் தேர்ந்தவர் மற்றொரு நிலையத்தில் புதிதாகப் பழக வேண்டும். அவர்களுடைய எண்ணிக்கை போதவில்லை என்பதையும், களைப்பு அபாயமாகிவருகிறது என்பதையும் 2025-ல் பார்லிமெண்டின் நிலைக்குழுவே சுட்டிக்காட்டியிருக்கிறது. உபர்லிங்கனிலும் வாஷிங்டனிலும் இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்த்தார் என்பதை இங்கே வாசகர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

2024 ஜூன் 8-ந் தேதி மும்பையில் ஒரு விமானம் ஓடுபாதையிலிருந்து எழும்பிக்கொண்டிருக்கையில், அதே பாதையில் பின்னால் மற்றொரு விமானம் இறங்கியது. யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் பரவியது. உடனே சம்பந்தப்பட்ட அதிகாரியை வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள். விசாரணை முடியும் வரையில் ஒருவரை அந்த ஆசனத்தில் அமர்த்தாமலிருப்பது அவசியமாக இருக்கலாம். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்தப் படம் வெளிவராமலிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதே நமது கவலை. பெங்களூர்ப் பதிவேட்டில் ஏன் ஒன்றும் எழுதப்படவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று நாம் நினைக்கிறோம். எழுதினவன் அகப்பட்டுக்கொள்வான், எழுதாதவன் தப்பித்துக்கொள்வான் என்ற எண்ணம் ஒரு காரியாலயத்தில் வேரூன்றிவிட்டால் எவன் எழுதுவான்? வேண்டுமென்றே விதியை மீறியவனையும், குடிபோதையில் வேலைக்கு வந்தவனையும் தண்டிக்கட்டும். கை தவறியவன் தானாகவே முன்வந்து சொன்னால் அவனுக்குத் தீங்கு வராது என்ற உறுதி வேண்டும். தவறை ஒளித்தால்தான் தண்டனை என்று மாற்ற வேண்டும். பல நாடுகளில் விமான இலாகாக்கள் இந்த வழியில் நடக்கின்றன. நம் சர்க்காரின் விதிகளிலும் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். விதி காகிதத்தில் இருந்தும் பெங்களூர்ப் பதிவேடு வெறுமையாக இருந்ததுதான் விஷயம்.

கட்டுப்பாட்டு வேலையை நடத்துவது விமான நிலைய அதாரிட்டி. அதை மேற்பார்ப்பது சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல். இரண்டும் ஒரே மந்திரி காரியாலயத்தின் கீழ் இருக்கின்றன. ஆகவே ஒன்றின் குறையை மற்றொன்று உரக்கச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது கடினம். பொதுஜனங்களும் அவர்களுடைய பிரதிநிதிகளுந்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு விமான நிலையத்திலும் வருஷத்துக்கு எத்தனை தடவை இடைவெளி குறைந்தது, எவ்வளவு குறைந்தது, அந்தச் சமயத்தில் அந்த ஆசனத்தில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள், அவர் எத்தனையாவது மணி நேரமாக வேலையில் இருந்தார், அதன் பிறகு என்ன மாற்றம் செய்யப்பட்டது. இவ்வளவையும் நிலையம் நிலையமாகப் பிரித்து, சாமானிய வாசகன் படித்துப் புரிந்துகொள்ளும் பாஷையில் வருஷந்தோறும் சபையின் முன் வைக்க வேண்டும். யாருடைய பெயரும் அதில் வேண்டாம்.

இதனால் பிரயாணிகள் பயந்துவிடுவார்கள் என்று சில அதிகாரிகள் சொல்லக்கூடும். கணக்கைக் கண்டு பயந்து ஒருவரும் ரயிலேறாமல் இருந்ததில்லை. அடுத்த கூட்டத் தொடரில் இக்கணக்கை முதலில் சென்னை, பெங்களூர், மும்பை, தில்லி நிலையங்களுக்காவது கேட்டு வாங்கும்படி நமது அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கணக்கு வந்தால், அது ஏழாம் பக்கத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.